யார் போட்ட கோடி

இது பங்குனியில் நடந்ததா, சித்திரையிலா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. வேணி சொன்னதும் அவள் புருஷன் சீனுவாசன் சொன்னதும் எனக்குள் கலந்து கிடக்கின்றன. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கிய காலம் என்பது மட்டும் நிச்சயம்.

பைபாஸ் செய்து சீனுவாசனைக் கிளியனூருக்குக் கொண்டுவந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் அவரை எதிர்த்துப் பேசுவதில்லை. அதிர்ச்சி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவர் எதைச் சொன்னாலும் "சரிப்பா" என்பான் மகன் ரஞ்சித். வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்தியிருந்த பங்காளிகூட ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, "நீயே ஒரு மொழம் தள்ளிப் போட்டுக்கோ" என்றான். சீனுவாசனுக்கு அன்றுதான் பயம் வந்தது. செத்தவனிடம்தான் யாரும் சண்டை போடமாட்டார்கள்.

இருமினால் தையல் அதிராமல் மார்பில் தலையணையை அழுத்த ஒருத்தி ஓடிவருவாள். மோட்டார் கொட்டகைப் பக்கம் போனால் பின்னாலேயே ஒரு ஆள். பிளந்த நெஞ்செலும்பு கூடிவிட்டது. ரத்தக்குழாய் எடுத்த காலில் தழும்பும் காய்ந்துவிட்டது. வீடுதான் ஆறவில்லை.

கண்டமங்கலத்து அக்கா சின்னபொண்ணு மட்டும் போனில் திட்டுவாள். "இன்னாடா, சமைஞ்ச பொண்ணு மாரி குந்திக்கினு கீற? எழுந்து நடடா!" அந்தத் திட்டுக்காகவே காலையில் போனைக் கையில் வைத்திருப்பார். திடீரென்று அது நின்றுபோயிற்று. இவர் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப் என்றது.

"அண்ணி பொண்ணு ஊட்ல கீறாங்க. போன் தண்ணில வுழுந்துட்சாம்," என்றாள் வேணி.

ஒருநாள் டீக்கடையில் கண்டமங்கலத்து மல்லாட்டைத் தரகர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒடம்பு தேவலையாங்க? அக்கா சாவுக்குத்தான் உங்களால வர முடியல. பரவால்ல, உங்க பையன் கோடி எடுத்தாந்து போட்டுட்சி. கொற இல்லாம தூக்குனாங்க."

சீனுவாசன் டீயைக் குடித்து முடித்தார்.

பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை மேலே விழாமல் பாடையைத் தூக்கமாட்டார்கள். கூடப் பிறந்தவன் கையால் விழவேண்டும். அந்த நேரத்தில் அவர் கை வீட்டில் ஓட்ஸ் கஞ்சியைக் கலக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

மத்தியானம் சாப்பிடும்போது கேட்டார்: "கோடி இன்னா கலர்ல எடுத்த?"

ரஞ்சித் அம்மாவைப் பார்த்தான். பிறகு தட்டைப் பார்த்து, "அரக்குப்பா," என்றான்.

அவருக்கு அழுகை வந்தது. வாயைத் திறந்ததுதான் தாமதம், "ஐயோ, மாத்திர! ஜல்தி எடுடா!" என்று வேணி நாக்குக்கு அடியில் மாத்திரையைத் திணித்துவிட்டாள். "பேசாதீங்க, கரையட்டும்."

அது கரைகிற வரை அக்காவுக்காக ஒரு சொல் சொல்ல வழியில்லை. தோள் குலுங்கியதை வலி என்று நினைத்து, காரில் போட்டுக்கொண்டு விழுப்புரத்துக்குப் பறந்தார்கள்.

ஈசிஜி எடுத்த நர்ஸ் தாளைப் பார்த்தாள். "நெஞ்சுல ஒன்னுமில்லங்க. இன்னா பண்ணுது?"

"எங்கக்கா செத்துட்சிம்மா."

"எப்ப?"

சீனுவாசன் மகனைத் திரும்பிப் பார்த்தார். அது அவருக்குத் தெரியாது.

வெளியே வந்ததும், "கண்டமங்கலம் வுடுடா. எங்கக்கா ஊட்டு மாமாவப் பாத்துட்டுப் போலாம்," என்றார்.

"சரிப்பா."

வண்டி வீட்டுக்குப் போகும் திண்டிவனம் ரோட்டில் திரும்பியது.

"சரின்னியேடா?"

"ஒடம்பு தேறட்டும்பா."

சிக்னலில் வண்டி நின்றபோது கதவைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. ரஞ்சித் சைல்டு லாக் போட்டிருந்தான்.

"அவ என்னத் தூக்கி வளத்தவடா!"

"தெரியும்! அத்தைக்குக் கோடி போட்டது போதாதா? நீயும் போய்ட்டா நான் இன்னா பண்ணுவேன்?" என்று கத்திவிட்டு ரஞ்சித் ஸ்டீயரிங்கைப் பார்த்து அழுதான். வண்டியைத் திருப்பவில்லை.

சீனுவாசன் நன்றாகத்தான் இருக்கிறார். வருஷத் தெவசத்துக்குத்தான் அவரைக் கண்டமங்கலம் கூட்டிப்போனார்கள். மாமா இப்போது மகளோடு புதுச்சேரியில் இருக்கிறார். ரஞ்சித் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கம்பெனி வேலைக்குப் போகிறான். வேணிக்கு பிரஷர் வந்துவிட்டது. அவளிடம் இப்போது யாரும் எதையும் சொல்வதில்லை.