பாயசம் குடித்த சாட்சி

பரளச்சியில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் நடந்த முருகலட்சுமியின் கல்யாணத்தில், தன்னை ஒருத்தரும் பந்திக்குக் கூப்பிடவில்லை என்று கோபித்துக்கொண்ட அண்ணன் சுந்தரபாண்டி, அன்றிலிருந்து அவள் வீட்டில் கை நனைத்ததில்லை. இப்போது அவள் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போடாமல் பெண்ணை மணமேடை ஏற்றினால் ஊர் காறித் துப்பும். அதனால் பழைய கல்யாண கேசட்டை சிடியில் ஏற்றப்போகும் சாக்கில், செத்துப்போன அம்மாவைப் பார்க்கலாம் என்று ஆசை காட்டி, அண்ணனையும் அருப்புக்கோட்டை ஸ்டூடியோவுக்கு இழுத்து வந்திருந்தாள்.

கேசட்டில் இருந்தது கம்ப்யூட்டரில் கோடு கோடாக நடுங்கி ஓடியது. அம்மா வந்து போனாள். பிறகு பந்தி. நடு இலையில் சுந்தரபாண்டி, முழங்கை வரை வழிந்த பாயசத்தை நக்கிக்கொண்டிருந்தார்.

"அது யாருண்ணே?" என்றாள் முருகலட்சுமி.

"நான்தான். அதுக்கென்ன? படம் எடுக்கணும், உக்காருங்கன்னு வீடியோக்காரன் கூப்பிட்டான். மாப்பிள்ளை வீட்டுல எவன் கூப்பிட்டான்?"

ஸ்டூடியோக்காரர் சிரிப்பை மறைக்க மேசைக்கடியில் வயரைத் தேடினார்.

"சரி, இப்ப நான் கூப்பிடுறேன். முதப் பந்தி, முத எலை உனக்குத்தான். வாரியா, மாட்டியா?"

"நீ கூப்பிட்டு வராம இருப்பனா ஆத்தா? வாரேன்." சுந்தரபாண்டி திரையைவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பந்திப் பக்கம் மட்டும் வீடியோக்காரன விட்டுராத."