வீம்புக்குப் படித்தவள்

ஆனிக் காற்று. பள்ளிக்கூட வாசலில் கட்டியிருந்த பிளக்ஸ் பேனரை அது அறைந்தபடியே இருந்தது. பேனரில் இருந்த பிள்ளைகள் அறை வாங்கிக்கொண்டே சிரித்தார்கள்.

பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி. தொடர்ந்து ஏழாவது ஆண்டாக. எழுத்து ஒவ்வொன்றும் ஆள் உயரம் இருந்தது.

அந்த நூறு எப்படி வருகிறது என்று திண்டுக்கல் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. தேறாது என்று தோன்றுகிற பிள்ளையை ஒன்பதாம் வகுப்போடு டிசி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். போனவர்கள் கணக்கில் வர மாட்டார்கள். இருப்பவர்கள் தேறிவிடுவார்கள். பிறகு பேனர் கட்டுவார்கள்.

அந்த வருஷம் அனுப்ப வேண்டியவர்களில் யசோதாவும் ஒருத்தி.

மற்றவர்கள் போய்விட்டார்கள். ஒருவன் டூவீலர் பட்டறைக்கு. இரண்டு பெண்கள் நூல் மில்லுக்கு. சத்தமே இல்லாமல் போனார்கள். படிப்பை நிறுத்திவிட்டார்கள் என்று ஊர் சொன்னது. நிறுத்தியது யார் என்று ஊர் கேட்கவில்லை.

யசோதாவின் அம்மா ராக்கம்மாளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மில்லில் ஷிஃப்டு முடித்து, தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க, தலைமையாசிரியை சாரதாமணி டீச்சரின் அறையில் வந்து நின்றாள். எதிரே நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. உட்காரச் சொல்லவில்லை.

"இங்க பாரும்மா, ஒம் புள்ளைக்கு மண்டையில ஏற மாட்டேங்குது. டிசிய வாங்கிக்கிட்டு டுடோரியல்ல எங்கிட்டாச்சும் சேத்து விடு. இவ ஒருத்தியால எங்க நூறு போயிரும்."

சாரதாமணி டீச்சர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பழைய பேப்பரை எடைக்குப் போடச் சொல்கிற குரலில் சொன்னார்.

"சரிங்க டீச்சர்" என்றாள் ராக்கம்மாள். மில்லில் சூப்பர்வைசரிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய சரி அது.

பக்கத்தில் நின்ற யசோதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீச்சர் மேல் கோபம். அம்மா மேல் அதைவிடக் கோபம். கையெழுத்துப் போடக் குனிந்த அம்மாவின் கையைப் பிடித்து, வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வெளியே காற்று. புழுதி. கண்ணைத் திறக்க முடியவில்லை. ஆனால் காதில் அந்த ஒரு சொல் மட்டும் நின்றது. இவ ஒருத்தியால.

அதுவரை அவளால் ஏதாவது ஆகும் என்று யாரும் சொன்னதில்லை. வீட்டிலும் சொன்னதில்லை. முதல் முறையாக ஒருவர் சொல்லியிருக்கிறார், அதுவும் பயந்துபோய்ச் சொல்லியிருக்கிறார். யசோதாவுக்கு அது பிடித்திருந்தது.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். போக மாட்டேன். பரீட்சை வரைக்கும் இருப்பேன். பரீட்சையில் வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டு வருவேன். நூறு உடையட்டும்.

ஆசைப்பட்டுப் படிக்கிற பிள்ளைகள் உண்டு. அப்பா அடிப்பார் என்று படிக்கிற பிள்ளைகள் உண்டு. யசோதா வீம்புக்குப் பள்ளிக்கூடம் போனாள்.

"மில்லு வேன் வாசல்லயேதான வந்து நிக்கிது. பேசாம ஏறுடி. யார் கூட மல்லுக்கு நிக்கிற?" என்றாள் ராக்கம்மாள்.

"அவுங்க கூடத்தான்."

வேன் ஹாரன் அடித்தது. ராக்கம்மாள் மட்டும் ஏறினாள்.

வகுப்புக்குள் அவளை விடவில்லை. டிசி வாங்காதவளை வெளியே தள்ளவும் வழியில்லை. தாழ்வாரத்தில், பத்தாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே உட்காரச் சொன்னார்கள். அவளாகவே போய்விடுவாள் என்று நினைத்தார்கள்.

ஆடி வந்தது. காற்று மண்ணை வாரி அவள் மடியில் கொட்டியது. உட்கார்ந்திருந்தாள்.

ஆவணி வந்தது. வெயில் காலையிலேயே தாழ்வாரத்தில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தது. உட்கார்ந்திருந்தாள்.

கூடப் படித்தவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதிகூட, செருப்பைப் பார்த்துக்கொண்டே போனாள். அவளை யசோதா இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஜன்னல் வழியாகப் பாடம் வந்தது. அவளுக்காக யாரும் நடத்தவில்லை. கேட்க வேண்டும் என்று அவளும் உட்காரவில்லை. காதை மூடிக்கொண்டு எவ்வளவு நேரம் இருக்க முடியும்.

ஐப்பசியில் மழை பிடித்தது. சாய்த்து அடித்தது. தாழ்வாரம் முழுக்கச் சாரல். ஜன்னலைச் சாத்த வந்த கணக்கு சார் தங்கப்பாண்டி, கீழே பார்த்தார். சொட்டச் சொட்ட நனைந்து, எழுந்திருக்காமல் இருந்தாள்.

"உள்ள வந்து தொலை" என்றார்.

அப்படித்தான் யசோதா பத்தாம் வகுப்புக்குள் வந்தாள். கடைசி பெஞ்ச். ஈரப் பாவாடை. சேர்த்துவிட்டது மழை. வேறு யாரும் இல்லை.

பரீட்சை எழுதுகிறவர்கள் பெயரை மேலே அனுப்புகிற நாள் வந்தபோது, அவள் பெயரையும் அனுப்ப வேண்டியதாயிற்று. இனி அவளை வெளியேற்ற முடியாது. தேற வைத்தால்தான் உண்டு.

மறுநாளிலிருந்து சாரதாமணி டீச்சருக்குப் பாசம் பொங்கியது. சாப்பிட்டியாம்மா என்றார். தோளில் கை வைத்தார். யசோதாவுக்கு அந்தக் கை பல்லி விழுந்தது மாதிரி இருந்தது. தோளைக் குலுக்கிக்கொண்டாள்.

சாயங்காலம் அவளுக்குத் தனி வகுப்பு. தங்கப்பாண்டி சார் கணக்குப் புத்தகத்தை வாங்கி, பக்கம் பக்கமாகப் பேனாவால் அடித்துக்கொண்டே போனார்.

"கிராஃப் போடு. ஜாமெட்ரி போடு. ஒரு மார்க் கேள்விய மனப்பாடம் பண்ணு. முப்பத்தஞ்சு வந்துரும். மத்தது ஒனக்கு வேணாம்."

"கோபுரக் கணக்கு சார்?"

"அது படிக்கிற புள்ளைகளுக்கு."

கார்த்திகை இருட்டு சீக்கிரம் வந்தது. வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் அவளுக்குக் கொதித்தது. படிக்கிற புள்ளைகளுக்கு. அப்படியானால் இவள் யார்? பள்ளிக்கூடத்தில் பெருக்க வந்தவளா?

ஞாயிற்றுக்கிழமை, அவர் அடித்த பக்கங்களைத் திறந்தாள். தெரிந்த கணக்கை எழுதாமல் விட்டால்தான் வீம்பு. தெரியாமல் விட்டால் அவர்கள் சொன்னது சரி என்றாகிவிடும். அதற்கு அவள் தயாராக இல்லை.

அதனால் போட்டாள். வரவில்லை. புத்தகத்தைச் சுவரில் எறிந்தாள். எடுத்து வந்து மறுபடி போட்டாள். தை முழுக்க, மாசி முழுக்க, திட்டிக்கொண்டே போட்டாள். ஒரு கணக்கு வந்துவிட்டால் சந்தோஷம் வரவில்லை. பார்த்தியா என்று யாரையோ கேட்கத் தோன்றியது.

பங்குனி. வேறு பள்ளிக்கூடத்தில் பரீட்சை. தமிழ், இங்கிலீஷ் இரண்டையும் எழுதினாள். நூறை உடைக்கக் கணக்கு ஒன்று போதும்.

கணக்குப் பரீட்சை அன்று காலை, சாரதாமணி டீச்சர் வாசலில் நின்று எல்லாருக்கும் விபூதி பூசினார். யசோதா நெற்றியில் மட்டும் கொஞ்சம் அழுத்திப் பூசினார். "நம்ம ஸ்கூல் மானம் ஒங் கையிலதான் இருக்கு" என்றார்.

எனக்குத் தெரியும் டீச்சர், என்று நினைத்துக்கொண்டாள்.

கேள்வித்தாள் வந்தது. பேனாவை மூடி வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே வெயில் வெள்ளையாகக் காய்ந்தது. மேஜையில் தாளும் வெள்ளையாக இருந்தது. பார்க்கப் பார்க்கத் திருப்தியாக இருந்தது.

சுற்றிலும் பேனாக்கள் ஓடின. அவள் ரிசல்ட் நாளை நினைத்துப் பார்த்தாள். டீச்சரின் முகம் எப்படிச் சுருங்கும். வாயில் என்ன வார்த்தை வரும்.

வார்த்தை வந்தது. டீச்சரின் குரலிலேயே வந்தது. நான் அப்பவே சொன்னேன், இவ மண்டையில ஏறாதுன்னு.

யசோதா கட்டியிருந்த கையைப் பிரித்தாள்.

அடுத்த வருஷம் அவர்கள் வேறு பேனர் கட்டிக்கொள்வார்கள். வேறு நாலு பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கட்டிக்கொள்வார்கள். இவளோ விடியலில் அம்மாவோடு வேனில் ஏறுவாள். இந்தத் தாளைத் திருத்துகிறவர் இதில் கோபத்தையா பார்ப்பார்? ஒன்றும் தெரியாத பிள்ளை என்று சுழி போட்டுவிட்டு அடுத்த தாளை எடுப்பார். இத்தனை மாதம் மண்ணிலும் மழையிலும் உட்கார்ந்தது யாருக்கும் தெரியாது.

எழுதினால் நூறு அவர்களுக்குப் போகும். அதுவும் தெரிந்தது. டீச்சர் லட்டு கொடுப்பார். தோளில் கை வைப்பார். எங்க பொண்ணு என்பார். நினைக்கவே எரிந்தது. இரண்டு பக்கமும் எரிந்தது. எதில் கை வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அழுதாள். சத்தம் வராமல், கேள்வித்தாளைத் தூக்கி மறைத்துக்கொண்டு அழுதாள்.

பிறகு பேனாவைத் திறந்தாள்.

கிராஃபில் ஆரம்பிக்கவில்லை. ஜாமெட்ரியில் ஆரம்பிக்கவில்லை. அதெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அவர் அடித்த பக்கத்திலிருந்து ஒரு கணக்கு வந்திருந்தது. யாரோ தூரத்தில் நின்று ஒரு கோபுரத்தின் உச்சியைப் பார்க்கிறார். கொஞ்சம் நெருங்கிப் போய் மறுபடி பார்க்கிறார். கோபுரத்தின் உயரம் என்ன?

வரைந்தாள். கோணம் குறித்தாள். எழுதினாள். விடை வந்தது. அடுத்ததும் வந்தது. எழுத்து கோணலாக ஓடியது, தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினாள். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

மேற்பார்வைக்கு நின்ற சார் வேற்று ஊர்க்காரர். அவளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, இம்புட்டு நேரம் சும்மாதான ஒக்காந்திருந்த?"

"இப்பத்தான் சார் முடிவு பண்ணுனேன்" என்றாள். எழுந்து நின்றாள். "இன்னொரு தாள் குடுங்க."

கோபம் தீரவில்லை. தாளில் இடம்தான் தீர்ந்துபோயிருந்தது.