அழுகைக் காட்சிக்கு ஒரு முக்காலி

இதையெல்லாம் நான் சரியாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. அப்போது எனக்கு நான்கு வயது, அக்காவுக்கு ஏழு. வேன் நீல நிறம் என்று நான் சொன்னால், வெள்ளை என்பாள் அம்மா. மடியில் பிஸ்கட் பொட்டலம் இருந்தது என்பேன். பிஸ்கட்டே வாங்கித் தரவில்லை என்பாள். ஆனால் அந்த வேனுக்குள் நான் இருந்ததை அம்மா ஒருபோதும் மறுத்ததில்லை.

அக்கா நடித்த மூன்றாவது படம் அது. முதல் இரண்டிலும் ஓடவும் சிரிக்கவும் வைத்தார்கள். அதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இதில் அழ வேண்டும். காலையிலிருந்து கிளிசரின் போட்டுப் பார்த்தார்கள். கண் சிவந்ததே தவிர அழுகை வரவில்லை. மதியம் இயக்குநர் அம்மாவைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு போய் மேக்கப் வேனில் உட்காரவைத்தாள்.

"நான் வர்ற வரைக்கும் மூச்சு விடக் கூடாது. இது ஒரு விளையாட்டு, சரியா?"

பிறகு அக்காவிடம் போய், பாப்பா மேல லாரி ஏறிடுச்சு என்று சொன்னார்கள். பாப்பா என்பது நான். சொன்னது இயக்குநர் என்றாள் அம்மா. அம்மாதான் என்றாள் அக்கா. கிட்டத்தட்ட முப்பது வருடம் இரண்டு பேரும் அதில் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

வேனின் தகரத்தைத் தாண்டி அக்காவின் அழுகை எனக்குக் கேட்டது. பாப்பா, பாப்பா என்றுதான் அழுதாள். நான் வாயைத் திறக்கவில்லை. விளையாட்டு என்று சொல்லியிருந்தார்களே. என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று புரிந்தும் ஜெயிப்பதற்காகச் சும்மா இருந்தேனா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரே டேக்கில் காட்சி முடிந்தது. ஆனால் ஜெனரேட்டர் இரைச்சல் கலந்து சத்தம் பாழாகிவிட்டது. ஒரு மாதம் கழித்து டப்பிங் கூடத்தில், திரையில் ஓடும் தன் முகத்தைப் பார்த்து அக்கா மறுபடியும் அழ வேண்டியிருந்தது. இந்த முறை அந்தப் பொய் செல்லாது. நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். பெரியவர்கள் எல்லோரும் திருதிருவென்று விழித்தார்கள். வழி சொன்னது அக்காதான்.

"பாப்பாவ எனக்கு எதிர்ல உட்கார வைங்க."

மைக்குக்கு அந்தப் பக்கம் ஒரு முக்காலி போட்டார்கள். நான் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்துக்கொண்டே அக்கா அழுதாள்.

அதுதான் எங்கள் தொழில்முறை ஆயிற்று. அக்காவின் முகம் பதினொரு வயதுக்கு மேல் சினிமாவுக்கு ஆகவில்லை. குரல் மட்டும் ஏழு வயதிலேயே நின்றுவிட்டது. திரையில் எந்தக் குழந்தை பேசினாலும் முக்கால்வாசி அக்காதான். ஆண் பிள்ளைகள், கைக்குழந்தைகள், கார்ட்டூனில் ஒரு நாய்க்குட்டி. சாதாரண வசனம் என்றால் தனியாகப் போய்விடுவாள். அழுகைக் காட்சி என்றால் நான் வேலை பார்க்கும் காப்பீட்டு அலுவலகத்துக்கு அரை நாள் லீவு போடுவேன். ஒலிப்பதிவாளரை எல்லோரும் காது அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் என்னைப் பார்த்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்துவார்: "முக்காலி வந்தாச்சு! எல்லாரும் கர்ச்சீப்ப எடுங்க."

வீட்டுக்கு வரும் போன்களில் அக்காவுக்கு ஒரே கேள்விதான். "பாப்பா, வீட்டுல பெரியவங்க யாராவது இருந்தா போனைக் குடு."

"நான்தாங்க பெரியவ. முப்பத்தி நாலு ஆகுது. தலையில நரைகூட இருக்கு, வந்து எண்ணிப் பாக்கறீங்களா?"

நடிக்க வாய்ப்புக் கேட்டும் போனாள். போன இடத்திலெல்லாம் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, "அந்த அழுகைய ஒரு தடவ அழுது காட்டும்மா" என்பார்கள். இவளும் அழுது காட்டுவாள். கைதட்டி அனுப்பிவிடுவார்கள்.

முப்பத்து நான்காவது வயதில்தான் தொண்டை உடைந்து உடைந்து வர ஆரம்பித்தது. குரல்நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது என்றார் டாக்டர். மூன்று மாதம் முழு ஓய்வு. அதற்குப் பிறகும் குழந்தைக் குரல் கூடாது, கத்தலும் அழுகையும் அறவே கூடாது. "இன்னொரு தடவ கிழிஞ்சா நான் பொறுப்பில்லம்மா" என்றார்.

அதே வாரம் ஒரு பெண் இயக்குநர் வீட்டுக்கு வந்தார். அவர் படத்தின் கதாநாயகி தொலைபேசியில் மற்றவர்களின் புகார்களைக் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலை செய்பவள். படம் முழுக்கப் பேசுகிறாள். ஓரிடத்திலும் அழுவதில்லை. படப்பிடிப்புக்கு நான்கு மாதம் இருந்தது.

"உங்க சொந்தக் குரல்லயே பேசுங்க. எனக்கு அது போதும்."

அக்கா என்னைப் பார்த்தாள். சொந்தக் குரல் எது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. அன்றிலிருந்து அடுப்படியில் நின்று, நாற்காலி, ஜன்னல், நாளைக்கு என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிப் பார்த்தாள். நான்காம் நாள் அது வந்தது. தணிந்த, லேசாகக் கரகரத்த குரல். அடுத்த அறையில் இருந்த அம்மா, யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தலையை வாரிக்கொண்டு வெளியே வந்தாள். மூன்று பேரும் சிரித்தோம். நாங்கள் மூவரும் சேர்ந்து சிரித்த வேறு நாள் எனக்கு ஞாபகம் வரவில்லை.

டாக்டர் சொன்ன ஓய்வு மறுநாள் தொடங்குவதாக இருந்தது. பழைய படம் ஒன்றில் இரண்டு வரி பாக்கி இருந்தது. அதை மெதுவாகப் பேசிக் கொடுத்துவிட்டு, காது அண்ணனிடம் சொல்லிக்கொண்டு வரலாம் என்று கூடத்துக்குப் போனோம். உள்ளே வேறொரு படத்துக்கு ஏழு வயதுப் பெண் ஒருத்தி தன் குரலைத் தானே பேசிக்கொண்டிருந்தாள். எல்லாம் சுத்தமாகப் பேசிவிட்டாள். அழுகைக் காட்சி மட்டும் மூன்று மணி நேரமாக நகரவில்லை. அவளுடைய அப்பா இரண்டு வயது மகனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். உதவி இயக்குநர் அவர் காதில் ஏதோ சொன்னான். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, பையனை டிரைவரிடம் கொடுத்து வெளியே அனுப்பினார்.

அக்கா அதைப் பார்த்தாள்.

"குழந்தைய எங்க கொண்டு போறாங்க?"

"ஒண்ணும் இல்லக்கா, சின்ன ட்ரிக்கு. தம்பியக் காணோம்னு சொல்லப் போறோம். ரெண்டு நிமிஷம் அழுதா போதும், அப்புறம் சாக்லேட் குடுத்துடலாம்."

அக்கா சொன்னாள்: "அவகிட்ட எதுவும் சொல்லாத. நான் அழறேன்."

காது அண்ணன் ஹெட்போனைக் கழற்றினார். "டாக்டர் சொன்னத இப்பத்தான என்கிட்ட சொன்ன? மூளை இருக்கா உனக்கு?"

"முக்காலிய எடுத்துப் போடுங்கண்ணே."

வேறு வழி ஆயிரம் இருந்தது. ஒலிப்பதிவை நாளைக்குத் தள்ளியிருக்கலாம். வேறொரு பெண்ணைக் கூப்பிட்டிருக்கலாம். நானே வெளியே போய் அந்தப் பையனைத் தூக்கி வந்து அவன் அக்கா பக்கத்தில் விட்டிருக்கலாம். எங்கள் புத்திக்கு எதுவும் எட்டவில்லை. யாராவது அழ வேண்டும் என்றால் அக்கா அழுவாள், நான் எதிரில் உட்காருவேன். இருபத்தேழு வருடமாக எங்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். நான் போய் உட்கார்ந்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தொண்டையில் எந்தக் கோளாறும் இல்லை.

நான்கு நிமிடக் காட்சி. ஒன்பது தடவை எடுத்தார்கள். அக்கா என் முகத்தைப் பார்த்தபடியே அழுதாள். ஏழாவதில் குரல் நடுவில் பிளந்தது. காது அண்ணன் போதும் என்றார். "அந்தப் பிசிறு பிரமாதம்ணே, இன்னொண்ணு" என்றான் உதவி இயக்குநர். ஒன்பதாவதில் அக்கா வாயைத் திறந்தாள். கண்ணீர் வந்தது, தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஒலி மீட்டரின் முள் கொஞ்சமும் அசையவில்லை.

வெளியே வந்தபோது அந்தச் சின்னப் பெண் நடைவழியில் சுவரைப் பார்த்து நின்று தேம்பிக்கொண்டிருந்தாள். தம்பி அவள் பாவாடையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"என்னடி ஆச்சு?" என்றார் அப்பா.

"என் சீன்... அந்த ஆன்ட்டி பேசிட்டாங்க. நானே பேசறேன்னு சொன்னேன்ல?"

உதவி இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டான். "அடிப்பாவி, இத உள்ள அழுதிருக்கக் கூடாதா?"

அக்கா அவள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள். ஏதோ சொல்லப் பார்த்தாள். உதடு மட்டும்தான் அசைந்தது. அந்தப் பெண் பயந்துபோய் அப்பாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

இரண்டு முறை அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அக்காவுக்குக் கிசுகிசுப்புக்கு மேல் குரல் திரும்பவில்லை. புகார் கேட்கும் பெண்ணாக வேறொருத்தி நடித்தாள், நன்றாகவே நடித்திருந்தாள். அக்காவுக்குத் தெரியாமல் நான் அந்தப் படத்தைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். அம்மா அதற்கு இரண்டு வருடம் கழித்து இறந்தாள். காது அண்ணன் கூடத்தை விற்றுவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். அந்தச் சின்னப் பெண் அதற்கப்புறம் ஒரு படத்தில்தான் நடித்தாள்; இப்போது பல் மருத்துவம் படிக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அக்கா வெளிநாட்டுத் தொடர்களுக்கு உதட்டசைவு பார்த்து வசனம் எழுதுகிறாள். நான் அதே காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம்.