பின்பக்கத்து இரண்டு துளைகள்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. வடகரப்பதியிலிருந்து பொள்ளாச்சி போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜோஜோ சொன்னது. ஆர்கெஸ்ட்ராக்களுக்கு மைக், ஸ்பீக்கர் எல்லாம் பார்த்துக்கொள்கிறவர் அவர். எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன். எழுத உட்கார்ந்ததும்தான் ஒன்றும் புரியவில்லை என்று தெரிந்தது. கிட்டாரில் தலை எது, வால் எது என்றுகூட எனக்குத் தெரியாது.

முதல் தொடக்கம்: 'போடிமெட்டில் பனி இறங்கிக்கொண்டிருந்தது.' (அடித்துவிட்டேன். மலைக்கதை என்றாலே பனியை இறக்கிவிடுவது சோம்பேறித்தனம்.)

இரண்டாவது: 'இன்பமேரி தன் சிவப்புக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு போடிமெட்டில் பஸ் ஏறினாள்.' சரி, இது இருக்கட்டும்.

2

முதல் வரைவில் இன்பமேரியைப் பாவப்பட்டவளாக எழுதியிருந்தேன். ஜோஜோ சொன்னவள் அப்படியில்லை. கிட்டார் இடித்துவிட்டது என்று பஸ்ஸில் சண்டைக்கு வந்தவரைத் திருப்பி வாங்கு வாங்கென்று வாங்கியவள்.

தேயிலை ஃபேக்டரியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்டேட் சர்ச்சில் கிட்டார். கிட்டாருக்கும் அதன் சத்தத்தைப் பெருக்கும் ஆம்புக்கும் நடுவே ஒரு டிஸ்டார்ஷன் பெடல் வைத்திருந்தாள். காலால் மிதித்தால் சத்தத்தைக் கரகரப்பாக்கும் சின்ன இரும்புப் பெட்டி. மற்றவர்கள் அதை உறும வைப்பார்கள். இவள் அதன் திருகுகளை வருஷக்கணக்காகத் திருகித் திருகி, அழுது முடித்தவளின் கம்மிய குரலைப் போல ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். அது வேறு யாரிடமும் கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

வாய்ப்புக் கேட்ட குழுக்களில் எல்லாம், "லீடு எதுக்கும்மா, சும்மா கார்டு புடிங்க" என்று, மெட்டு வாசிக்க விடாமல் பின்னணிக்கு ஓரமாக நிற்க வைத்தார்கள். இந்த முறை வடகரப்பதிக்குக் கிளம்பும்போது, ஜீப் ஓட்டும் அவள் புருஷன் ஆசீர்வாதம் சொன்னார்:

"இந்த ஒருதடவ போயிட்டு வா மேரி. இதுவும் இல்லன்னா சர்ச்சோட நிறுத்திக்கிடுவோம். ஒவ்வொரு தடவயும் நீ மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு வாரத என்னால பாக்க முடியல."

அவள் சரி என்று சொல்லிவிட்டாள். ஆகவே இதுதான் கடைசி.

3

டிஜிட்டல் ஆம்ப் என்பது தனக்குள் ஒரு கணினியை வைத்துக்கொண்டு, பலவகை ஆம்புகளின் குரலை—

வேண்டாம். பாடம் நடத்தினால் எழுந்து போய்விடுவீர்கள். இவ்வளவு போதும்: முன்பக்கம் கிட்டாருக்கு ஒரு துளை. பின்பக்கம் இரண்டு. ஒன்றின் வழியாகச் சத்தம் வெளியே போகும், மற்றதன் வழியாகத் திரும்பி வரும். நடுவில் நாம் எதையாவது மாட்டிக்கொள்ளலாம். அதற்கு எஃபெக்ட்ஸ் லூப் என்று பெயர். ஆனால் சத்தம் வெளியே போவதற்குள், ஆம்ப் தன் பங்குக்குக் கரகரப்பையும் எக்கோவையும் சேர்த்து முடித்திருக்கும்.

[போடிமெட்டில் அவள் எஸ்டேட் இருக்கும் பக்கமும் கேரளம், வடகரப்பதியும் கேரளம். ஆனாலும் அவள் மலையிறங்கி, போடி, தேனி, பழனி, பொள்ளாச்சி என்று தமிழ்நாட்டைச் சுற்றித்தான் வந்தாள். ஆம்பிலிருந்து வெளியே போய்ச் சுற்றிவிட்டு ஆம்புக்கே திரும்பும் சத்தத்தைப் போல என்று எழுதினேன். என் மனைவி படித்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்கு, எடுத்துருங்க" என்றாள். எடுக்க மனசு வரவில்லை.]

4

வடகரப்பதியில் மாரியம்மன் கோயில் நோம்பி, அதாவது திருவிழா. சாயங்காலம் கச்சேரி. மத்தியானம் மேடையில் வைத்து அவளுக்குப் பரீட்சை. குழுவின் சொந்தக்காரர் அர்த்தநாரி நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். குழுவின் டிஜிட்டல் ஆம்பின் முன்துளையில் வயர்லெஸ் பெட்டி ஒன்று செருகி, சுற்றிலும் டேப் ஒட்டியிருந்தது. இன்பமேரி அதில் கைவைக்கப் போனாள்.

"முன்னால தொடாதீங்க அம்மிணி. பழைய ஆளு செட் பண்ணி ஒட்டிட்டுப் போனது. உங்க பெட்டியப் பின்னால மாட்டிக்குங்க. எஃபெக்ட்டுக்குன்னே உட்ட ஓட்டைங்க அது."

பெடலும் எஃபெக்ட், துளையும் எஃபெக்ட்டுக்கு. சர்ச் ஆம்பில் பின்துளையே கிடையாது; இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? மாட்டினாள். கறுப்புக் கிட்டாரில் வயர்லெஸ்ஸின் மறுபாதியைச் செருகி, பெடலை மிதித்து, சர்ச்சில் வாசிக்கும் மெட்டையே எடுத்தாள்.

குளவிக்கூட்டைக் கலைத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. நிறுத்தினாள்.

"அண்ணே, தப்பா வருது. என் சத்தம் இது இல்ல."

அர்த்தநாரி எழுந்தே விட்டார். "ஏனுங்க நிறுத்தறீங்க? நாயனமாட்டவே இருக்குதுங்க! கீபோர்டுல வர்ற நாயனம் இப்படி வளையாது. இந்த சீசன் பூராவும் நீங்கதானுங்க லீடு."

5

(இந்த இடத்தில் அவள் சந்தோஷப்பட்டாள் என்று எழுதினேன். பிறகு சந்தோஷப்படவில்லை என்று மாற்றினேன். இரண்டுமே சரியாக வரவில்லை.)

அர்த்தநாரி டீ சொல்லத் திரும்பியபோது ஜோஜோ கிட்டே வந்தார்.

"சேச்சி, பெடல் முன்னாடி இருந்தா உங்க கிட்டாரை மட்டும் அரைக்கும். இப்ப ஆம்ப் போட்ட எக்கோவையும் சேர்த்து அரைக்குது. அதான் இந்த இரைச்சல்."

"அப்ப அவருக்குப் புடிச்சது இரைச்சலா, நானா?"

அர்த்தநாரி வந்து உட்கார்ந்து, "இன்னொருக்கா வாசிங்க" என்றார். வாசித்தாள். நடுவில் வேண்டுமென்றே ஒரு சுரத்தைத் தப்பாக வைத்தாள். அர்த்தநாரி கண்ணை மூடிக்கொண்டு, "அடடா" என்றார். இன்னொரு தப்பு வைத்தாள். "அடடா!"

அவளுக்குப் பயமாகிவிட்டது. இத்தனை வருஷம் ஏங்கிய இடம் கையில் வந்திருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் அவள் விரல் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

"டேப்பப் பிரிச்சு முன்னாடி மாத்தட்டா சேச்சி? அண்ணன் ஆம்புக்குப் பின்னாடியெல்லாம் வந்து பாக்க மாட்டார்."

"மாத்துனா என் சத்தம் வரும் தம்பி. அது அவருக்கு வேணாம்னா?"

"அதுக்கு ஞான் எந்தா சொல்ல" என்று ஜோஜோ மலையாளத்துக்குப் போய்விட்டார்.

6

முடிவு ஒன்று: பின்னாலேயே விட்டுவிடுகிறாள். நோம்பிக் கூட்டம் ஆடித் தீர்க்கிறது. ஆசீர்வாதம் எஸ்டேட் முழுக்க போன் போட்டுச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அதே பெடலை மிதிக்கிறாள். அப்போது அவளுக்கு—

(இதற்கு மேல் எழுத வரவில்லை.)

முடிவு இரண்டு: முன்னால் மாற்றுகிறாள். கூட்டம் அப்படியே அமைதியாகிறது. (பொய். நோம்பிக் கூட்டம் எதற்கும் அமைதியாகாது.) அர்த்தநாரி திரும்பிப் பார்த்து, "மத்தியானம் வாசிச்சது எங்கீங்க அம்மிணி?" என்கிறார்.

நடந்தது என்ன என்று ஜோஜோ சொன்னார். நான்தான் எழுத மறுக்கிறேன். காரணம், நானும் உங்களிடம் ஒரு தப்புச் சுரம் வைத்தேன். முதல் பகுதியில் அவள் கிட்டார் சிவப்பு. நான்காம் பகுதியில் கறுப்பு. கவனித்தீர்களா?

கவனிக்காவிட்டாலும் கோபமில்லை. அர்த்தநாரி மேல் அவளுக்கும் கோபமில்லை. நல்ல மனுஷன், ரசித்துத்தான் கேட்டார். ஆனால் அவளுக்கு வந்த அந்தப் பயம் என்ன என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

மேடையில் விளக்குப் போட்டாயிற்று. டேப்பை ஜோஜோ பாதி பிரித்துவிட்டுக் காத்திருக்கிறார். பெடலின் வயர் இன்பமேரியின் கையில். அர்த்தநாரி கையைத் தூக்கிவிட்டார், டிரம்ஸ் ஆரம்பித்துவிட்டது. இவ்வளவு நேரம் நீங்கள் எப்படிக் கேட்டீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அவள் வாசிப்பதைக் கேட்கப்போகிறவரும் நீங்கள்தான். முன்னாலா, பின்னாலா, நீங்களே செருகுங்கள்.