காயாத ஃபில்டரும் கல்யாணக் காரும்

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்தே அமலாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. டிரைவிங் டெஸ்ட்டில் நான்கு முறை தோற்று, ஐந்தாவது முறை எப்படியோ தேறி, ஒரு பழைய நீலக் காரைச் சொந்தமாக்கிக்கொண்டு கொஞ்ச நாள்தான் ஆகிறது. அதற்குள் அது கல்யாணக் கார் ஆகிவிட்டது. எதிர்வீட்டு ஆமினா பீவியின் மகள் யும்னாவுக்கு இன்றைக்கு நிக்காஹ். தீவின் வடக்கே இருக்கும் ஈசூனிலிருந்து லிட்டில் இந்தியாவின் டன்லப் தெருப் பள்ளிவாசல்வரை மணப்பெண்ணைக் காரில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவள் அமலா.

இது யும்னா பிடித்த பிடிவாதம். அமலா ஒவ்வொரு முறை தோற்றுவிட்டு வந்தபோதும், அவர்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக் கடையில் அவளை உட்காரவைத்து, ஐஸைத் துருவிப் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தவள் யும்னாதான். "நீங்க மட்டும் பாஸ் ஆகுங்கக்கா, என் நிக்காஹ்வுக்கு நீங்கதான் ஓட்டுறீங்க. வேற யார் கார்லயும் நான் ஏற மாட்டேன்லா" என்று அப்படி ஒரு நாள் சொல்லியிருந்தாள். சொன்ன சொல்லில் நின்றுவிட்டாள்.

அமலா அரக்குப் பட்டுப்புடவை கட்டி, கொண்டையில் மல்லிகையைச் சுற்றிக்கொண்டு வாசல் கதவைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள்.

பொது நடைபாதையில், துணி காயப்போடும் ஸ்டாண்டில், ஒரு துண்டுக்கும் அவளுடைய நைட்டிக்கும் நடுவே, செவ்வக வடிவத்தில் ஏதோ ஒன்று கிளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. மடிப்பு மடிப்பாக இருந்த அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. பக்கத்தில் அவள் கணவர் ரத்னவேல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிறந்த குழந்தையைப் பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"ஏர் ஃபில்டர். கழுவுற டைப்."

வெள்ளிக்கிழமை மெக்கானிக் கடையில் நடந்த சண்டை முடிந்துவிட்டது என்றுதான் அமலா நினைத்திருந்தாள். அன்றைக்கு மெக்கானிக் காரின் பழைய ஃபில்டரை வெளியே எடுத்துத் தட்டிக் காட்டினான். காய்ந்த இலை, ஈசல் இறக்கை, சாம்பல் நிறத் தூசு எல்லாம் கொட்டியது. இன்ஜின் மூச்சு விடுவதே இதன் வழியாகத்தான், மாற்றியே ஆக வேண்டும், காகித ஃபில்டர் வேண்டுமா, கழுவிக் கழுவிப் போடும் பஞ்சு ஃபில்டர் வேண்டுமா என்று கேட்டான். 'காகிதம்' என்றாள் அமலா. 'பஞ்சு' என்றார் ரத்னவேல். இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அப்புறம் அரை மணி நேரம் ஆளுக்கு ஆள் விளக்கம் கொடுத்தார்கள். மெக்கானிக் பழையதையே திரும்ப மாட்டி, "முடிவு பண்ணிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டான்.

ரத்னவேல் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரி. கிழிந்த கையுறையைக்கூடத் தூக்கிப் போட மனம் வராது. எதையும் ஒரு முறை போட்டு எறிவது என்றாலே அவருக்கு நெஞ்சு வலிக்கும். நேற்று மாலை, 'சும்மா நடந்துட்டு வரேன்' என்று கிளம்பியவர் கேலாங்வரை போய், இணையத்தில் யாரோ விற்ற ஒரு பஞ்சு ஃபில்டரைப் பாதி விலைக்கு வாங்கி வந்திருக்கிறார். அது அழுக்கு. அதனால் விடிகாலையில் எழுந்து கழுவியிருக்கிறார்.

"சரி" என்றாள் அமலா, மூச்சைப் பிடித்துக்கொண்டு. "இது காயறவரைக்கும் பழசைப் போட்டு ஓட்டிக்கலாம். பழசு எங்க?"

ரத்னவேல் ஸ்டாண்டைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"காலையில கழட்டிக் குப்பைக் குழாய்ல போட்டுட்டேன்."

"எதையுமே தூக்கிப் போடாத மனுஷன், அதைப் போய்ப் போட்டீங்களா?"

"அது ரொம்ப அழுக்கா இருந்துச்சு அமலா."

அமலாவுக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. வந்தது என்னவோ சிரிப்பு. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு விரல் இடுக்கு வழியாக வெளியே வந்தது.

அந்தச் சத்தத்துக்கு எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஆமினா பீவி ஒரு காதில் மட்டும் தோட்டோடு எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் நெஞ்சில் கை வைத்தார். "யா அல்லா! லுஹர் தொழுகைக்கு முன்னாடி பொண்ணு பள்ளிவாசல்ல இருக்கணுமேம்மா!"

"ஃபில்டர் இல்லாமலே போயிடலாமே? கிட்டத்தானே?" என்றது உள்ளேயிருந்து உறவுக்காரர் ஒருவரின் குரல்.

"கூடவே கூடாது" என்றார் ரத்னவேல். பட்டறையில் ஹெல்மெட் போடாதவனிடம் பேசும் அதே குரல். "ரோட்டுத் தூசு அத்தனையும் இன்ஜினுக்குள்ள போயிடும். ஈரத்தோட மாட்டுறதும் தப்பு."

"அப்ப கிராப் டாக்ஸி கூப்பிடுவோம்" என்றார் ஆமினா பீவி.

"முடியாது!" என்றபடி யும்னாவே வெளியே வந்தாள். தந்த நிற உடை, தலையில் சரிகை முக்காடு, கை நிறைய மருதாணி, காலில் வீட்டுச் செருப்பு. "நான் அமலாக்கா கார்லதான் போவேன். எங்க அந்த ஃபில்டரு? கொடுங்க, ஊதிக் காய வைப்போம்."

அவள் உண்மையிலேயே ஊதினாள். அதைப் பார்த்துக்கொண்டு யாரால் சும்மா இருக்க முடியும்? ஆமினா பீவி வீட்டிலிருந்து ஒரு மேசை மின்விசிறி வந்தது. மூன்றாவது வீட்டு சுஷ்மிதா ஆளுயர மின்விசிறி ஒன்றை எக்ஸ்டென்ஷன் ஒயரோடு இழுத்து வந்தாள். யாரோ முறத்தால் விசிறினார்கள், யாரோ ஹேர் டிரையரைக் கொண்டுவந்தார்கள். "சூடு படக் கூடாது, பஞ்சு சுருங்கிடும்!" என்று ரத்னவேல் குறுக்கே பாய்ந்து தடுத்தார்.

விசிறிக்கொண்டே நடைபாதை இரண்டு கட்சியாகப் பிரிந்தது.

"கழுவிப் போடுறதுதான் நல்லது. எவ்வளவு குப்பை மிச்சம்!" என்றாள் சுஷ்மிதா.

"யாரு கழுவுறது? கடைசியில நம்ம தலையிலதான் விழும்" என்றார் ஆமினா பீவி. "காகிதம்னா எடுத்தோமா, போட்டோமா, வேலை முடிஞ்சுதான்னு இருக்கும்."

"நான்தானேக்கா கழுவினேன்!" என்றார் ரத்னவேல்.

"கழுவின லட்சணத்தைத்தான் பார்க்கிறோமே தம்பி!"

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். ரத்னவேலும் சிரித்தார். மணப்பெண் சிரித்த சிரிப்பில் கண்மை கரைந்து, ஒப்பனை செய்த பெண் ஓடி வந்து துடைத்துவிட்டு, தானும் ஒரு அட்டையை எடுத்து விசிற உட்கார்ந்தாள்.

ஒருவழியாக ஃபில்டரைத் தொட்டுப் பார்த்து, "காஞ்சிடுச்சு!" என்று அமலா கூவினாள். கைதட்டல் எழுந்தது. ரத்னவேல் தொண்டையைக் கனைத்தார்.

"இனிமே இதுக்கு எண்ணெய் தடவணும்."

கைதட்டல் நின்றது.

"சிவப்பு எண்ணெய். தூசு அதுலதான் ஒட்டும். ஒவ்வொரு மடிப்புக்கும் அளவா விட்டு, அது ஊறி எல்லா இடத்துக்கும் பரவணும். அவசரப்பட்டு ஊத்தினா எண்ணெய் உள்ள போய் சென்சாரைக் கெடுத்துடும்."

"ஊற எவ்வளவு நேரம் ஆகும்?" என்று யும்னா மெல்லிய குரலில் கேட்டாள்.

"பொறுமையா இருந்தா..."

அவர் முடிப்பதற்குள் யும்னா தன் தந்த நிற உடையோடு சுஷ்மிதாவின் தோளில் சாய்ந்து குலுங்கினாள். அழுகிறாள் என்று ஆமினா பீவி பதறிப்போய் முக்காட்டை விலக்கினார். சிரிப்பு தாங்க முடியாமல் அவளுக்கு மூச்சே நின்றுவிடும் போலிருந்தது.

அமலா தலையைப் பிடித்துக்கொண்டு நடைபாதைச் சுவர்மேல் சாய்ந்து கீழே பார்த்தாள். கார் நிறுத்துமிடத்தில் ரோஜாவும் ரிப்பனும் கட்டி அவளுடைய நீலக் கார் நின்றது. அதற்கு நான்கு கார் தள்ளி, ரிப்பன் இல்லாமல், அச்சு அசலாக அதே கார் இன்னொன்று. அதை வாளித் தண்ணீரில் துடைத்துக்கொண்டிருந்தார் பக்கத்து புளோக் கோவிந்தசாமி.

அமலா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை.

கோவிந்தசாமிக்கு அவளை நன்றாகத் தெரியும். போன வாரம் தன் கார் என்று நினைத்து அவர் காரின் கதவை அவள் இழுத்து இழுத்துப் பார்த்து, அலாரம் அலறி, அவர் லுங்கியோடு ஓடி வரும்படி ஆகிவிட்டது. பட்டுப்புடவையும் வெறுங்காலுமாக மூச்சிரைக்க வந்து நின்றவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னிக்கும் என் காரையா திறக்கப் போறே?"

"ஆமா சார்! ஆனா இன்னிக்கு முன்பக்கம்."

நடந்ததைச் சொன்னாள். பாதி சொற்கள் சிரிப்பில் போயின. மிச்சத்தை அதற்குள் இறங்கி வந்திருந்த ரத்னவேல் சொன்னார். கோவிந்தசாமி முகத்தில் ஒரு அசைவும் இல்லை. பானெட்டைத் திறந்து, கிளிப்பை நெம்பி, தன் ஃபில்டரை எடுத்தார். வெள்ளைக் காகிதம், புத்தம் புதிது.

"போன வாரம்தான் போட்டேன். எடுத்துட்டுப் போ. அந்தப் பஞ்சு ஃபில்டரு என்னாச்சு?"

"மேல இருக்கு சார்."

"எனக்குக் கொடுத்துடு. இந்த வண்டியை இன்னும் பத்து வருஷம் வச்சுக்க இப்பத்தான் சிஓஇ உரிமத்துக்குப் பணம் கட்டினேன். பத்து வருஷம் காகிதம் வாங்கிட்டே இருக்கணுமான்னு நெனச்சுட்டே இருந்தேன். உங்க வண்டிக்கு எதுவரைக்கும் இருக்கு?"

அமலாவும் ரத்னவேலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த தீபாவளிக்கு முன்பே உரிமம் முடிந்து அவர்கள் காரைக் கழித்துக் கட்ட வேண்டும். அதற்குள் இன்னொரு காகித ஃபில்டர் தேவைப்படுவதே சந்தேகம். அரை மணி நேரம் சண்டை போட்ட இருவருக்கும் இது தோன்றவே இல்லை.

"எங்களுக்குக் காகிதமே போதும் சார்" என்றார் ரத்னவேல். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. அமலாவுக்குப் பாவமாக இருந்தது. அவர் கையைப் பிடித்தாள்.

கோவிந்தசாமி அதைக் கவனித்திருக்க வேண்டும். "எனக்கு அந்த எண்ணெய் வேலையெல்லாம் வராது. கழுவுற நேரம் வந்தா நீதான் வந்து கழுவிக் கொடுக்கணும். என்ன?"

"கட்டாயம் சார்!" ரத்னவேல் முகத்தில் விளக்குப் போட்டது போல ஆயிற்று. "எண்ணெய் பாட்டில் முழுசா இருக்கு. நிதானமா தடவி, சாயங்காலம் நானே மாட்டித் தரேன்."

கல்யாணக் காரின் பானெட்டைத் தூக்கியபோது ரோஜா மாலை ஒன்று சரிந்து ரத்னவேலின் கழுத்தில் விழுந்தது. அதை எடுக்க நேரமில்லை. மாலையும் கழுத்துமாகவே ஃபில்டரை மாட்டி, கிளிப்பை அழுத்தி, பானெட்டைச் சாத்தினார். மேலே மூன்று மாடிகளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள். அமலா சாவியைத் திருப்பினாள். இன்ஜின் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது.

யும்னாவும் ஆமினா பீவியும் பின்னால், ரத்னவேல் முன்னால். விரைவுச்சாலையில் ஏறியதும் பக்கத்தில் போன லாரிக்காரர் கையசைத்தார், யும்னாவும் பதிலுக்குக் கையசைத்தாள். எதிர்ப்பக்கம் கோலாலம்பூர் போகும் சுற்றுலாப் பேருந்து ஒன்று ஹார்ன் அடித்தது. ஆமினா பீவிக்கு அப்போதுதான் இன்னொரு தோட்டை வீட்டிலேயே விட்டு வந்தது நினைவுக்கு வந்தது. "போகட்டும், ஒரு காதுல தோடு போட்டு ஒரு ஃபேஷன்" என்றார். கார் குலுங்க அத்தனை பேரும் சிரித்தார்கள்.

லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். டன்லப் தெருவுக்குள் திரும்பியதும் அமலா வேகத்தைக் குறைத்தாள். பள்ளிவாசல் அருகே இருந்தது ஒரே ஒரு இடம், இரண்டு வேன்களுக்கு நடுவே. இந்த மாதிரி இடத்தில் ரிவர்ஸில் வந்து நிறுத்தத் தெரியாமல்தான் அவள் நான்கு முறையும் தோற்றாள்.

ரிப்பன் கட்டிய காரைப் பார்த்ததும், விடுமுறை நாளுக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்த கட்டுமானத் தொழிலாளிகள் பத்துப் பதினைந்து பேர் தாமாகவே கூடிவிட்டார்கள்.

"வாங்கக்கா வாங்க! ரைட்ல ஒடிங்க!"

"ஏலே, நீ தள்ளி நில்லு. அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க, லெஃப்ட்டு!"

"பொண்ணு உள்ள இருக்குடா, மெதுவா!"

"இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... போதும்!"

கார் இரண்டு வேன்களுக்கும் நடுவே, அளந்து வைத்தது போல நின்றது. தெருவே கைதட்டியது. பள்ளிவாசல் வாசலில் மாப்பிள்ளை ஸைஃப், என்ன நடக்கிறது என்று புரியாமல், தானும் சேர்ந்து கைதட்டினான்.

யும்னா இறங்கி நிமிர்ந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். ரத்னவேல் ஓடிப் போய் ஆமினா பீவியின் பக்கத்துக் கதவைத் திறந்தார். அமலா மட்டும் ஸ்டீயரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தாள். அப்புறம், எந்தக் காரணமும் இல்லாமல், ஹார்னை ஒரு முறை அழுத்தினாள். நன்றாக இருந்தது. இன்னொரு முறையும் அழுத்தினாள்.