உடையாத கண்ணாடி

மரபுக் கட்டடப் பாதுகாப்பில் முதுகலை படிக்கும் அவளுக்கு வகுப்பில் 'ஸ்கேல்' என்று பட்டப்பெயர். அளந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டாள். அப்படிப்பட்டவள்தான் அந்த நூற்றைம்பது வருஷச் சுவரில் கோட்டை விட்டாள்.

பழைய மாளிகையின் பின்கட்டில் தையல்காரம்மாவுக்கு ஒற்றை அறை. அதன் சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல்; அறையில் பாதியை முட்டுக் கொடுத்த மரங்களே அடைத்திருந்தன. விரிசலின் குறுக்கே ஸ்கேல் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டி, தேதியைக் கீறினாள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், அவ்வளவுதான் வித்தை. அதைச் சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா? அவள் சொன்னது வேறு.

"அக்கா, இத யாரும் தொடக்கூடாது. உடைஞ்சா உங்களத்தான் கேப்பேன்."

ஆறு மாதம், வாரம் தவறாமல் வந்து பார்த்தாள். கண்ணாடி முழுசாக இருந்தது. 'சுவர் அசையவில்லை' என்று அறிக்கை எழுதினாள். வகுப்பிலேயே அதிக மதிப்பெண். அந்த அறிக்கையை நம்பி நேற்று முட்டு மரங்களை எடுத்துவிட்டார்கள்.

இன்று நன்றி சொல்ல வந்தவளிடம் தையல்காரம்மா வெட்கத்தோடு சிரித்தாள்.

"இப்ப சொன்னா திட்டமாட்டீங்களே? உங்க கண்ணாடி நாலு தடவ தானா உடைஞ்சுபோச்சும்மா. சத்தியமா நான் கை வைக்கல. அதே அளவுல வெட்டி வாங்கி, நீங்க விட்டுட்டுப்போன சாந்துப் பொடியிலயே ஒட்டிட்டேன். தேதியக்கூட அப்படியே கீறிட்டேன்."

ஸ்கேல் வாசலுக்கு ஓடிப் பேராசிரியருக்கு போன் போட்டாள்.

"நான் கையெழுத்துப் போட்டாச்சு," என்றார் அவர். "இப்பப் போய்க் கிளறினா உன் பட்டமும் போகும், என் மானமும் போகும். கொஞ்ச நாள் கழிச்சுப் பாத்துக்கலாம்."

பெரிய மனிதர். அந்தச் சுவரோரம் படுத்துத் தூங்குகிறவர் அவரில்லையே.

"என்னம்மா, மூஞ்சி இப்படி ஆயிடுச்சு?" தையல்காரம்மா பின்னாலேயே வந்துவிட்டாள். "சுவத்துக்கு ஒண்ணுமில்லையே?"

உண்மை தொண்டைவரை வந்தது. இரண்டு வருஷப் படிப்பும் கூடவே வந்து அதை அடைத்தது.

"ஒண்ணுமில்லக்கா. நீங்க போங்க."

"படிச்சவங்க, நீங்க சொன்னா சரிதான்."

தையல்காரம்மா உள்ளே போய், மெஷினை இழுத்துச் சுவரை ஒட்டிப் போட்டுக்கொண்டாள். மரங்கள் போனதில் இடம் தாராளமாக இருந்தது.