இடது மூலைக்கு வந்த பந்து

கூடைப்பந்து மைதானத்தில் நீலப் பெயின்ட் காய்ந்துவிட்டது. நடுவட்டத்தில் எழுத வேண்டிய பெயர் மட்டும் பாக்கி. இமானி தூரிகையோடு காத்திருந்தாள். மேற்கு பிலடெல்பியாவின் அந்தத் தெருவே வேலியோரம் நின்று, போன குளிர்காலத்தில் செத்துப்போன ரோலண்ட் பிக்கெட்டின் பெயரை அங்கே போடலாமா என்று தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தது.

"பெரிய லீக்ல பதினாலு வருஷம் ஆடினான், சரி. ஒரு கோப்பை உண்டா?" என்றான் டெவான்ட். "ஸ்கூல் ஃபைனல்லயே தெரிஞ்சுபோச்சுன்னு எங்கப்பா சொல்வாரு. கடைசி நொடி, பந்து கையில. பயந்துபோய் மூலையில நின்ன எவனுக்கோ தள்ளிவிட்டான். ஸ்டாருன்னா தானே போட்டிருக்கணும்."

அந்த எவனோ, அவன் பக்கத்திலேயே நின்று எலுமிச்சை ஐஸ் தின்றுகொண்டிருந்தார்.

வெண்டலுக்கு இது புதிதல்ல. முடிவெட்டும் கடையிலும் தேவாலய மீன் விருந்திலும் முப்பது வருடங்களாகக் கேட்பதுதான். பந்தை வாங்கி எறிந்து தவறவிட்டவனை ஊர் மறந்துவிட்டது, கொடுத்தவனை மறக்கவில்லை. ரோலண்ட் ஒரே ஒரு பேட்டியில் இவர் பெயரைச் சொல்லியிருந்தால் போதும், பழி இவர் பக்கம் திரும்பியிருக்கும். எப்போது கேட்டாலும், "அவன் தனியா நின்னான், கொடுத்தேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வான். அந்த நிழலில்தான் வெண்டல் கல்யாணம் செய்துகொண்டார், பஸ் ஓட்டினார், நிம்மதியாகத் தெருவில் நடந்தார்.

"அந்த எவனோ நான்தான்," என்றார்.

டெவான்ட் திரும்பினான். "மிஸ்டர் வெண்டல்! அப்ப அந்தாளு பேரைக் கெடுத்தது நீங்கதானா?"

"நான்தான்டா. ஆனா அவன் பயப்படல. மூணு பேர் அவனை மறிச்சு நின்னாங்க. எங்க கோச்சே என்னை நம்பினதில்ல. அவன் நம்பினான். அந்த ஒரு பாஸை நினைச்சுத்தான் இன்னிக்கும் தலை நிமிர்ந்து நடக்கிறேன்."

"வாய்ல சொன்னா ஆச்சா? போட்டுக் காட்டுங்க. விழுந்தா அவன் பேரையே எழுதலாம்."

அந்த மைதானத்தில் வழக்கு அப்படித்தான் தீரும். ஃபவுலா இல்லையா என்று சண்டை வந்தால் ஒருவன் எறிவான். விழுந்தால் நியாயம் அவன் பக்கம். வெண்டல் ஐஸை இமானியிடம் கொடுத்துவிட்டு, முழங்கால்கள் முனக, இடது மூலைக்கு நடந்தார். எறிந்தார்.

பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது.

"முப்பது வருஷத்துல கொஞ்சமாவது பழகியிருக்கக் கூடாதா!" வேலியோரம் சிரிப்பில் அதிர்ந்தது. வெண்டலும் சிரித்துவிட்டார்.

துள்ளிய பந்து டெவான்ட் கைக்குப் போனது. வளையத்துக்கு நேர் கீழே நின்றிருந்தான். எம்பினால் அவனே போட்டுவிடலாம். பந்தை ஒருமுறை தரையில் தட்டினான். மூலையைப் பார்த்தான்.

வெண்டல் கைகளை விரிப்பதற்குள் பந்து அவர் மார்புக்கு நேராக வந்துகொண்டிருந்தது.